மாப்பிள்ளை ஊர்வலமும் ஒரு கால்வாய் அடைப்பும்

வெட்கப்படுகிற ஆளுக்கு ஊரில் நல்ல பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும். கூட்டத்தில் ஒதுங்கி நின்றால் ‘அடக்கமானவர்’ என்பார்கள். பதில் தெரியாமல் சிரித்தால் ‘பண்பானவர்’ என்பார்கள். இந்த இரண்டையும் வைத்தே ஐம்பத்து நாலு வயதுவரை ஒப்பேற்றிய நான், ஒரு நாள் காலையில் இங்கிலாந்தில் ஒரு கால்வாயையே அடைத்துவிட்டேன். அடக்கமாகத்தான் அடைத்தேன்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்களுக்கு ஒரு பூக்கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நானும் என் மனைவி கலாவும் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. (ஒருவர் திரும்பும்போது மற்றவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.) கல்யாணங்களுக்கு மணவறை அலங்காரமும் செய்கிறோம். பூவும் கயிறும் என் பக்கம். பேச்சும் சண்டையும் கலா பக்கம். கடையில் வாடிக்கையாளர் என்னிடம் எதையாவது கேட்டால், நான் கலாவைப் பார்ப்பேன். கலா பதில் சொல்வாள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் நடக்கிறது.

நான் தொடக்கப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டவன். படிப்புதான் என்னை முடித்துக்கொண்டது என்பான் சந்திரன். அவன் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு மாடி மேலே இருந்தவன். என் வீட்டுக்கணக்கை அவன் போடுவான். அவன் செய்த தவறுக்கு நான் அடி வாங்குவேன். அப்படி வளர்ந்த நட்பு. அவன் படித்துப் பொறியாளராகி, இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே மீனாவைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வான். அப்போது நாங்கள் மூவருமே திரும்ப முடியாது.

போன வருடம் தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் மகன் விக்ரமுக்கு ஆனி மாதம் கல்யாணம். பெண் லூசி என்ற ஆங்கிலேயப் பெண். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமான வயலில் கூடாரம் போட்டுக் கல்யாணம். மணவறை நான்தான் போட வேண்டும்.

“ஒரு வாரம் முன்னாடியே ரெண்டு பேரும் வந்துடுங்க. நான் ஒரு போட் வாங்கியிருக்கேன். கால்வாய்ல மூணு நாள் சுத்திட்டு வரலாம். அப்புறம் நீ வேலையைப் பாரு” என்றான்.

நான் கலாவைப் பார்த்தேன். கலா ஃபோனை வாங்கி, “வர்றோம் அண்ணே” என்றாள். ஐரோப்பியக் கோடைச் சுற்றுலா முடிவானது இவ்வளவு நேரத்தில்தான்.

எனக்குப் பயமெல்லாம் ஆங்கிலம்தான். என்னிடம் உள்ள ஆங்கிலம் ‘கேன்’, ‘கேனாட்’, ‘ஹவ் மெனி’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கிழக்கே சாங்கியிலிருந்து மேற்கே துவாஸ் வரை எங்கே வேண்டுமானாலும் போய் மணவறை போட்டுவிட்டு வரலாம். அதற்கு அப்பால் விசா கிடைக்காத ஆங்கிலம் அது. ஆனால் கயிறு விஷயத்தில் நான் கோட்டை விடவில்லை. நல்ல தேங்காய்நார்க் கயிறு அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்டி நிறையக் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்த இடத்தில் இரண்டு சட்டை. பெட்டியைப் பார்த்த கலா, “அங்க போய் யாரைக் கட்டிப்போடப் போறீங்க?” என்று கேட்டாள்.

சந்திரனின் படகு அறுபது அடி நீளம், ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். எங்கள் புளோக்கின் நடைபாதையை அப்படியே வெட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டதுபோல் இருந்தது. உள்ளே படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் வரிசையாக. சமையலறையில் ஒருவர் நின்றால் மற்றவர்கள் குடும்பத்தோடு பின்னால் போக வேண்டும். எனக்குக் கடை ஞாபகம் வந்து மனசு லேசானது.

ஓட்டுகிறவர் பின்கோடியில் நிற்பார். முன்னால் என்ன நடக்கிறது என்பது அவருக்கு அறுபது அடி தூரத்துச் செய்தி. வேகமோ, கரையில் நடக்கிற பெரியவர் நம்மை முந்திப் போவார். அவருடைய நாயும் முந்திப் போகும். போகிற போக்கில் அவர் ‘மார்னிங்’ என்பார். திரும்ப ‘மார்னிங்’ சொல்ல எனக்குத் தைரியம் வருவதற்குள் அடுத்த வளைவில் இருப்பார். காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருவேன்.

இதில் லாக் என்று ஒன்று உண்டு. கால்வாய் மேட்டில் ஏற வேண்டிய இடத்தில் இருக்கும், படகுக்கான லிஃப்ட். இரண்டு பக்கமும் உயரமான கல்சுவர், முன்னும் பின்னும் மரக்கதவு. படகு தாழ்ந்த தண்ணீரில் உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகு மேலே வரும். பொத்தான் கிடையாது. இரும்புச் சாவி ஒன்றை மாட்டிச் சுற்ற வேண்டும். கதவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரக்கையில் முதுகை வைத்துத் தள்ள வேண்டும்.

நான் இதையெல்லாம் எழுதுவது பின்னால் தெரிந்துகொண்டதை வைத்து. அந்த மூன்று நாளில் ஒரு லாக்கைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. காரணம், லாக் என்றால் அங்கே வேடிக்கை பார்க்க ஆட்கள் நிற்பார்கள். நின்றால் பேசுவார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வெயில் எப்படி என்று அன்பாகக் கேட்பார்கள். ஆகவே தூரத்தில் லாக் தெரிந்ததும், “நான் டீ போடுறேன்” என்று சொல்லி உள்ளே இறங்கிவிடுவேன். மூன்று நாளில் பதினேழு லாக். பதினேழு தடவை டீ. கடைசி நாள் மீனா, “அண்ணே, ப்ளீஸ், போதும்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கலா நேர்மாறு. முதல் லாக்கிலேயே இரும்புச் சாவியை வாங்கிக்கொண்டாள். இரண்டாவது லாக்கில், “அங்கிள், யூ புஷ், ஐ டர்ன், கேன்?” என்று கரையில் நின்ற ஒரு வெள்ளைக்காரரை வேலை வாங்கினாள். அவரும் “கேன், கேன்” என்று முதுகை வளைத்துத் தள்ளினாராம். நான் அடுப்படியில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே ஈரமான கல்சுவர் தெரிந்தது. ரொம்பக் கிட்டத்தில் தெரிந்தது. அதைப் பற்றி அன்றைக்கே ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்த நேரத்தில் பால் பொங்கியது.

சுற்றி முடித்து வீடு திரும்பியதும் சந்திரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். சாப்பாடு, பாட்டு, கூடாரம், விருந்தினர் எல்லாவற்றையும் பெண்வீட்டார் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்களாம்.

“நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்டா. முகூர்த்தம். பத்தே முக்கால்லேருந்து பதினொண்ணு நாப்பது. அதுக்குள்ள தாலி ஏறணும். மீனா அதுல மட்டும் கண்டிப்பா இருக்கா. பெண்வீட்லயும் மனசார ஒத்துக்கிட்டாங்க. நேரம் மட்டும் தப்பிடக் கூடாது” என்றான்.

“என் பக்கத்துலேருந்து தப்பாது” என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

அடுத்த மூன்று நாள் கூடாரத்தில் வேலை. லூசியின் அப்பா டேவிட் ஏணி பிடித்தார், எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார், நிறையப் பேசினார். நான் நிறையச் சிரித்தேன். நாலு தூணும் சிவப்புக் கார்னேஷனிலும் மஞ்சள் சாமந்தியிலும் எழுந்தன. பின்னால் வெள்ளை ரோஜாவில் பெரிய வட்டம். லண்டனிலிருந்து வந்த மல்லிகையைக் கலா சரம் சரமாகக் கட்டித் தொங்கவிட்டாள். என் முப்பது வருட வேலையில் அதைப்போல் ஒரு மணவறை அமைந்ததில்லை. சொந்தக் கையால் போட்டதைத் தள்ளி நின்று பார்த்துக் கண்கலங்குவது அழகில்லைதான். பார்த்தேன், கலங்கினேன்.

கல்யாணக் காலை. மாப்பிள்ளை அழைப்பு படகில். சந்திரன் வீட்டுப் பக்கத்துக் கரையிலிருந்து புறப்பட்டு, வழியில் ஒரே ஒரு லாக்கைத் தாண்டி, டேவிட்டின் வயலோரம் போய் இறங்க வேண்டும். கலா பெண்ணுக்குப் புடவை கட்டிவிட விடிந்ததுமே கூடாரத்துக்குப் போய்விட்டாள். படகை அலங்கரிக்கும் பொறுப்பு என்னுடையது.

“மூக்குல ஒரே ஒரு மாலை போதும்டா. அப்புறம் பக்கத்துல தொங்குற ரப்பரையெல்லாம் எடுத்து மேல போட்டுடு” என்று சொல்லிவிட்டுச் சந்திரன் வேட்டி கட்டப் போனான்.

ரப்பர் என்றது, படகு கரையில் உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் கறுப்பு உருளைகளை. சொன்னபடி எல்லாவற்றையும் அவிழ்த்துக் கூரைமேல் போட்டேன். எதற்காக எடுக்கச் சொன்னான் என்று நான் யோசிக்கவில்லை. கல்யாணப் படகுக்குப் பார்வையாக இல்லை, அதனால் எடுக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு பக்கமும் வரிசையாக வெறும் கொக்கிகள். முப்பது வருடமாகக் கொக்கியைக் கண்டால் எதையாவது தொங்கவிட்டே பழகிய கை என் கை.

மிச்சப் பூ கூடை கூடையாக இருந்தது. கயிறு இருந்தது. டேவிட் கொடுத்த வைக்கோல் இருந்தது. தேர் மாலை என்று நாங்கள் ஒன்று கட்டுவோம். நடுவில் தடித்த கயிறு, கயிற்றைச் சுற்றி வைக்கோல், அதைச் சுற்றிச் சாக்கு, அதன்மேல் நெருக்கமாகப் பூ. தொடை தடிமன் வரும். லாரியில் கட்டி விரைவுச்சாலையில் ஓட்டினாலும் ஒரு இதழ் உதிராது. படகின் முன்பாதி முழுக்க, இரண்டு பக்கமும், கொக்கிக்குக் கொக்கி வளைவு வளைவாக அதைக் கட்டி முடித்தேன். ஒவ்வொரு கொக்கியிலும் மூன்று முடிச்சு. நடுவே தூறல் போட்டது. வைக்கோலும் நாரும் தண்ணீரைக் குடித்து இன்னும் புஷ்டியாகத் தெரிந்தன. பார்க்கக் கோயில் தெப்பம் மாதிரி இருந்தது.

பட்டு வேட்டியில் வந்த சந்திரன் கரையில் நின்று பார்த்தான். “டேய்” என்று மட்டும் சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டான். (பின்னால் கலா அவனிடம், “உங்களுக்காவது தோணியிருக்க வேணாமா அண்ணே?” என்று கேட்டாள். படகு வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது என்று அவன் பதில் சொன்னான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.)

பத்தேகாலுக்குப் புறப்பட்டோம். சந்திரன் பின்னால் நின்று ஓட்டினான். முன்னால் தலைப்பாகையும் மாலையுமாக விக்ரம். பக்கத்தில் நான், கையில் நாதஸ்வரம் பாடும் சின்ன ஒலிபெருக்கியோடு. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் ‘மார்னிங்’ என்றார். பூக்கள் தந்த தைரியத்தில் நானும் ‘மார்னிங்’ என்றேன். என் வாழ்க்கையின் உச்சம் அந்த அரை மைல்.

விக்ரமின் நண்பர்கள் இருவர் முன்னாலேயே போய் லாக்கின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். எனக்கு டீ போடும் வேலை இல்லாததால் முதல்முறையாக ஒரு லாக்கை நேருக்கு நேர் பார்த்தேன். இரண்டு கல்சுவர். நடுவில் ஒரு சந்து. படகுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடம் இருந்தால் அதிகம். பக்கத்தில் எங்கேயாவது இதைவிட அகலமான லாக் ஒன்று இருக்கும், நாம் போக வேண்டியது அதில்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே படகு உள்ளே நுழைந்தது.

முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு பூ நசுங்கும் சத்தம். பிறகு படகு நின்றது. எஞ்சின் ஓடியது, பின்னால் தண்ணீர் கொதித்தது, படகு மட்டும் அசையவில்லை. முன்பாதி சுவர்களுக்கு நடுவில், பின்பாதி வெளியே கால்வாயில்.

அறுபது அடிக்கு அப்பாலிருந்து சந்திரன், “என்னடா ஆச்சு?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்லடா” என்றேன்.

ஒன்றுமில்லை என்று நம்பி அவன் எஞ்சினை இன்னும் முடுக்கினான். படகு இன்னும் ஒரு முழம் உள்ளே போய், இனிமேல் நான் வரமாட்டேன் என்பதுபோல் இறுகிக்கொண்டது. பின்பக்கம் இழுத்தான். முன்னே போகும்போது நசுங்கிய மாலை, பின்னே இழுத்தபோது சுருண்டு ஆப்பு மாதிரி உட்கார்ந்தது. அப்போதுதான் அந்த ரப்பர் உருளைகளை ஏன் எடுக்கச் சொன்னான் என்பது எனக்குப் புரிந்தது. அதைவிடத் தடிமனாக, அதைவிடக் கெட்டியாக, மூன்று முடிச்சுப் போட்டு, அவன் எடுக்கச் சொன்ன இடத்திலேயே நான் கட்டியிருந்தேன்.

படகு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் கதவை மூட முடியாது. கதவை மூடாமல் தண்ணீர் விட முடியாது. லிஃப்ட் வாசலில் அலமாரி மாட்டிக்கொண்ட கதைதான். நண்பர்கள் மேலேயிருந்து தள்ளினார்கள். சந்திரன் நீண்ட கழியால் குத்தினான். பின்னால் ஒரு படகு வந்து நின்றது. அப்புறம் இன்னொன்று. பூனைக்குட்டியோடு பயணம் செய்யும் ஒரு கிழவியம்மாள் தன் படகிலிருந்து ரொட்டிக் கத்தியை எடுத்துவந்து என்னிடம் நீட்டி, மாலையைக் காட்டி என்னவோ சொன்னார். அவர் சொன்னது முழுக்க எனக்குப் புரிந்தது. அறுத்துவிடு என்கிறார். அறுக்க மனசு வரவில்லை. நான் பண்பாகச் சிரித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

பத்து ஐம்பத்தைந்துக்குக் கலா ஃபோன் செய்தாள். “எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கோம்” என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிங்கப்பூரில் குளியலறையில் இருக்கிறவன்கூட அப்படித்தான் சொல்வான். பதினொன்று பத்துக்கு மறுபடி கூப்பிட்டாள். “இன்னும் வரலையே?” என்றாள். “பக்கத்துல வந்துட்டோம் லா” என்றேன். அப்படிச் சொன்னபோது படகு அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு நாய் முன்பக்கம் வந்து சாமந்தியை முகர்ந்துகொண்டிருந்தது.

“அங்கிள், நான் இப்பவே நடந்துடுறேன்” என்றான் விக்ரம். கூடாரம் அங்கிருந்து கால்வாயோரமாக ஒன்றரை மைல். அவன் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டே சொன்னது பின்னால் இருந்த சந்திரன் காதில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாப்பிள்ளை சேற்றில் நடப்பதாவது, ரெண்டே நிமிஷம் பொறு என்றான். நானும் ரெண்டே நிமிஷம் என்றேன். எங்கள் இருவருக்கும் அது அவரவர் கௌரவப் பிரச்சினை. அவனுக்குப் படகு, எனக்கு மாலை. அந்த இரண்டு நிமிடம் கால் மணி நேரம் ஓடியது.

பதினொன்று இருபத்தைந்து. மூன்றாவது முறை ஃபோன் அடித்தபோது விக்ரம் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

“ஆன்ட்டி, நாங்க லாக்குல மாட்டிக்கிட்டோம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆச்சு.”

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

“எதுல மாட்டுச்சு?” என்றாள் கலா.

“மாலையில.”

“யாரு கட்டின மாலை?”

அந்த நாட்டுக் கால்வாய் முழுக்கத் தேடினாலும் தேர் மாலை கட்டுகிறவன் ஒருவன்தான் இருந்தான்.

இந்த இடத்தில் நான் கலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் திட்டவில்லை. அங்கே யாரிடமோ வழியும் நேரமும் கேட்டாள். பிறகு சொன்னாள்: “இங்கேருந்து ஜீப் சுத்திக்கிட்டு அங்க வர எட்டு நிமிஷம். மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுத் திரும்ப எட்டு நிமிஷம். அதுக்குள்ள முகூர்த்தம் போயிடும். நீங்க யாரும் நகராதீங்க. நாங்க வர்றோம்.”

“யாரு நாங்க?” என்று கேட்டேன்.

“கல்யாணம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கே நடந்ததை மீனா பின்னால் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கலா மணவறையின் முன் நின்று கைதட்டினாளாம். குருக்களிடம் இடம் முக்கியமா, நேரம் முக்கியமா என்று கேட்டாளாம். அவர், நேரம்தான், தண்ணீர்க்கரை என்றால் இடமும் விசேஷம்தான் என்றாராம். அவ்வளவுதான் தாமதம்.

பதினொன்று முப்பத்து நாலுக்குப் பாலத்தின்மேல் டேவிட்டின் ஜீப் தெரிந்தது. பின்னால் ஆடு ஏற்றும் வண்டி. அந்த வண்டியில், கூரைப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு லூசி நின்றாள். புடவைக்குக் கீழே முழங்கால் வரைக்கும் பச்சை ரப்பர் பூட்ஸ். ஒரு பக்கம் தாம்பாளத்தோடு மீனா, மறுபக்கம் ஒரு கையில் தேங்காய்ப் பையும் மறுகையில் பூக்கத்தியுமாகக் கலா. முன் இருக்கையில் குருக்கள் கண்ணை மூடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரமாகவும் இருக்கலாம், டேவிட் ஓட்டிய வேகத்துக்கு வேண்டுதலாகவும் இருக்கலாம்.

டேவிட் ஹோமத் தட்டைப் பார்பிக்யூ அடுப்பு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். விக்ரம் படகின் கூரைமேல் ஏறி, அங்கிருந்து சுவர்மேல் தாவினான். சந்திரனும் கூரை வழியாகவே ஓடிவந்தான். உட்கார மணை கிடையாது. கலா சுற்றுமுற்றும் பார்த்து, லாக் கதவின் நீண்ட மரக்கையைக் காட்டினாள். அதன்மேல் தன் சால்வையை விரித்துப் போட, பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லூசி ஒருமுறை குனிந்து படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்ப அழகு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் நிஜமாகத்தான் சொன்னாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கலா படகின் கூரையில் மண்டியிட்டு, கைக்கு எட்டிய மாலையைக் கத்தியால் கிழித்துப் பூவை வாரி வாரி மேலே வீசினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பின்னால் காத்திருந்த படகுக்காரர்கள், பூனைக்குட்டிக் கிழவியம்மாள் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி பூ. குருக்கள் தாலியை எடுத்து விக்ரமிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வழக்கம்போல் விரலை உயர்த்தி, “கெட்டி மேளம், கெட்டி மேளம்” என்றார்.

என் கையில் ஒலிபெருக்கி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடிக் களைத்து அது எப்போதோ உயிரை விட்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன், தட்டினேன், உதறினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேளம் இல்லாமல் தாலி கட்டுவதா என்று விக்ரமின் கை அந்தரத்தில் நின்றது. மீனாவின் முகம் வெளிறியது. மணி பதினொன்று முப்பத்தெட்டு.

“ஹார்ன் அடிங்க” என்றாள் கலா.

ஹார்ன் பின்கோடியில் இருந்தது. அத்தனை பேர் பார்க்க, அந்த அறுபது அடிக் கூரையில் நான் ஓடினேன். நான் ஓடியதையே என் மனைவி அதற்குமுன் பார்த்ததில்லையாம். போய் ஹார்னை அழுத்தினேன். எருமை கத்துவதுபோல் ஒரு சத்தம் கால்வாய் முழுக்கப் போனது. என் வாழ்க்கையில் நான் எழுப்பிய முதல் பெரிய சத்தம். அது அடங்குவதற்குள் பின்னால் நின்ற படகு பதில் ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் நின்றதும் அடித்தது. என்ன ஏது என்று தெரியாமல், வளைவுக்கு அப்பால் கண்ணில் படாமல் நின்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. நாய் குரைத்தது. இந்த மேளத்துக்கு நடுவில் விக்ரம் மூன்று முடிச்சும் போட்டான். நல்ல வேளை, அவன் போட்ட முடிச்சால் எந்தப் போக்குவரத்தும் தடைப்படவில்லை.

மீனா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். சந்திரன் கூரைமேல் நடந்து என்னிடம் வந்தான். திட்டப் போகிறான் என்று தயாராக நின்றேன்.

“நேரம் தப்பலைடா” என்றான்.

மற்றவர்கள் கூடாரத்துக்குப் போனார்கள். நானும் கலாவும் அந்த ரொட்டிக் கத்தியைக் கேட்டு வாங்கி மாலையை அறுக்க உட்கார்ந்தோம். முடிச்சுக்கு முடிச்சு, “இதையும் நீங்கதான் போட்டீங்களா?” என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கால்வாய்ப் பராமரிப்பு ஆள் ஒருவர் வந்து தலையைச் சொறிந்தார். கலா அவரையும் வேலை வாங்கினாள். மேல்கதவு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டதும், படகு பெருமூச்சு விட்டுப் பின்னால் நழுவியது. மிதந்த வைக்கோலையும் சாக்கையும் ஒன்று விடாமல் வலையால் அள்ளி முடிக்க மூன்று மணி ஆனது. காத்திருந்த படகுக்காரர்கள் எல்லோருக்கும் நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘வந்துக்கிட்டே இருக்கேன்’ என்று நான் சொல்ல முடிவதில்லை. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து சொன்னால்கூட, “நிக்குதா ஓடுதா?” என்று என் மகள் கேட்கிறாள். படம் எடுத்து அனுப்பினால்தான் நம்புகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த கடைசி விஷயம் மணவறை பற்றியது. நாங்கள் வேலையை முடித்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனபோது விருந்து முடியும் நேரம். என் முப்பது வருடத்தின் ஆகச் சிறந்த மணவறை, யாருமே கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்படியே நின்றது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். என் முகத்தை டேவிட் பார்த்திருக்க வேண்டும். அவர் தன் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மணவறைக்குள் ஏறி, இரண்டு நாற்காலியிலும் அடக்கமாக உட்கார்ந்தார்கள். கலா உடனே இரண்டு மாலையை எடுத்து அவர்கள் கழுத்தில் போட்டாள். யாரோ படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் கடையில் மாட்டியிருக்கிறது. மணவறை அத்தனை அழகாக விழுந்த படம் வேறு இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, யார் இந்த வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் என்று கேட்பார்கள். நான் கலாவைப் பார்ப்பேன்.

“அறுபதாம் கல்யாணம்” என்பாள் கலா, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன மாதம் மட்டும் மூன்று பேர் தங்கள் அப்பா அம்மாவுக்கு அதே மாதிரி வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். இப்போது அறுபதாம் கல்யாணம் என்றால் லிட்டில் இந்தியாவில் எங்கள் கடையைத்தான் சொல்கிறார்களாம்.